கடல் கொண்டுவந்த தட்டு

தேவப்பிரியன் பெரிய கலைஞர். கடற்கரையில் பொறுக்கிய ஒற்றைச் செருப்பு, பல்லுப்போன சீப்பு, மூடியில்லாத டப்பா என்று தொண்ணூற்றாறு சாமான்களைக் கண்காட்சிக் கூடத்தில் பரப்பி, ‘கடல் திருப்பித் தந்தவை’ என்று பெயர் வைத்திருந்தார். திறப்பு விழா அன்று காலையில் எண்ணினால் ஒன்று குறைந்தது. உடனே கூடம் பெருக்கும் பூங்காவனத்தின் மேல் சந்தேகம் விழுந்தது.

“நீதான் குப்பைன்னு அள்ளிட்டே. சாயங்காலத்துக்குள்ள அது இங்க வரணும். இல்லேன்னா போலீஸ்தான்.”

“நான் தொடவே இல்ல சார். எது காணோம்னு சொல்லுங்க, தேடறேன்.”

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. “எல்லாம் நான் பெத்த பிள்ளைங்க மாதிரி. பார்த்தா அடையாளம் சொல்லிடுவேன்,” என்றார்.

பூங்காவனம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாலையில் ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் நெளிந்த எவர்சில்வர் தட்டு ஒன்று இருந்தது. “இதேதான்!” என்று கலைஞர் அதைத் தூக்கி விருந்தினர்களுக்குக் காட்டினார். “பழவேற்காட்டு மணலில் கிடைத்தது. இதில் சாப்பிட்டவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவர் யார் எவர் என்று இனி யாருக்குத் தெரியும்?”

“திருப்பிப் பாருங்க சார்,” என்றாள் பூங்காவனம்.

திருப்பினார். பாத்திரக் கடையில் வெட்டித் தருவார்களே, அப்படிப் புள்ளி புள்ளியாகப் பெயர் இருந்தது: ‘பூங்காவனம், கொருக்குப்பேட்டை’.

“என்னைக் கடல் ஒண்ணும் கொண்டுபோகல சார். மத்தியானம் அதுலதான் சாப்ட்டேன். குடுத்துடுங்க. போலீஸ் வந்தா, அடுத்தவ தட்டு உங்க கையிலதான் இருக்கு.”