டெஃபனட்லிக்குப் பொருள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வரி கேட்பார்களோ என்று குடிமக்களே பெயரை மறந்துவிட்ட ஒரு தேசம் இருந்தது. அந்தத் தேசத்து ராஜாவைப் பார்க்க வந்த வெள்ளைக்கார வியாபாரி பேச்சுக்குப் பேச்சு "டெஃபனட்லி" என்றான். போகும்போது அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

ராஜாவுக்கு அது வெல்லமாக இனித்தது. மறுநாள் சபை முழுக்க அதே பேச்சு.

"மழை பெய்யுமா?"

"டெஃபனட்லி, பிரபு!"

"பெய்யாதோ?"

"டெஃபனட்லி!"

விதூஷகன் சாத்தப்பன் மட்டும் வாய் திறக்கவில்லை. அவன்மேல் வெகுநாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மந்திரி அம்பலநாதர் எழுந்தார். "பிரபு, இதற்குப் பொருள் தெரியாதவனுக்குச் சபையில் ஆசனம் எதற்கு?"

"சாத்தப்பா, பொருளைச் சொன்னால் போதாது, என் கண்முன் காட்டவேண்டும்" என்றார் ராஜா. "நாளைக்குள் காட்டாவிட்டால் நாட்டைவிட்டுப் போ."

சாத்தப்பன் யோசித்துப் பார்த்தான். சபையில் ஒருவருக்கும் பொருள் தெரியாது. அதைச் சொன்னால் இன்றைக்கே மூட்டை கட்டவேண்டியதுதான். சரி, பொருள் தெரியாவிட்டால் என்ன, புழக்கம் தெரிகிறதே!

ஊர்க்குளத்தைத் தூர்வாரும்போது முதல் கூடை மண்ணைச் சபையோர்தான் தலையில் சுமந்து கரையேற்றவேண்டும். அது அந்தத் தேசத்து வழக்கம். சாத்தப்பன் மாலையே வீடுவீடாகப் போனான். "ஐயா, விடிந்தால் தூர்வாருகிறோம். வருவீர்கள்தானே?"

"டெஃபனட்லி!" என்றார் சேனாபதி, வெற்றிலையை மென்றபடி.

"டெஃபனட்லி, டெஃபனட்லி!" என்றார் அம்பலநாதர். அவருக்கு ஒன்று போதவில்லை.

காலையில் ராஜாவைச் சாத்தப்பன் குளக்கரைக்கு அழைத்துப்போனான். கரைநெடுகக் கூடைகள். முதல் கூடை ஏறாமல் வேலை தொடங்கக்கூடாதென்று ஜனங்கள் மண்வெட்டியோடு காத்து நின்றார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. சபையோரில் ஒரு தலைகூடத் தென்படவில்லை.

"எங்கேயடா என் சபை?"

"எல்லாரும் டெஃபனட்லி வருவதாகச் சொன்னார்கள், பிரபு."

"அது கிடக்கட்டும். பொருள் எங்கே?"

"இதோ, இந்தக் காலிக் கூடைகள்தான். மந்திரியார் இரண்டு தரம் சொன்னார். அவர் பங்குக்கு இரண்டு கூடை வைத்திருக்கிறேன்."

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சேவகர்கள் ஓடினார்கள். சற்றைக்கெல்லாம் சேனாபதி சேற்றில் நின்றார். பட்டு அங்கவஸ்திரத்தைச் சும்மாடு கட்டிக்கொண்டு அம்பலநாதர் இரண்டாவது கூடைக்குக் குனிந்தார்.

"பலே, சாத்தப்பா! என் முத்துமாலை உனக்குத்தான். டெஃபனட்லி..."

சாத்தப்பன் தடாலென்று காலில் விழுந்தான். "ஐயோ பிரபு, அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்! மாலையை இப்போதே கழற்றிவிடுங்கள்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.