கையில் இல்லாத டம்ளர்

"எனக்குப் பேச வரலை, டீச்சரம்மா" என்றார் தெய்வநாயகம்.

சொன்ன ஆள் யாரென்று கேட்டால் சிரிப்பீர்கள். முப்பது வருஷமாகக் கோர்ட்டில் டவாலி. வராந்தாவில் நின்று அவர் மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டால், எதிர்க்கடையில் டீ குடிக்கிற சாட்சி பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவான். அப்பேர்ப்பட்ட தொண்டை, நாலு பேர் நடுவில் உட்கார்ந்தால் அடைத்துக்கொள்ளும்.

டீச்சரம்மா ரெஜினாவுக்கு இருபத்தெட்டு வயது. பகலில் லேபில் ரத்தம் எடுக்கிறவள். சனிக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் கூச்சக்காரர்களைக் கூட்டிவைத்து, வசனமே எழுதாத நாடகம் ஆடவைப்பாள். ஒருத்தர் வாயில் வந்ததைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதை மறுக்காமல் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

"திடீர்னு இப்ப என்னங்கய்யா அவசரம்?"

"எட்டு நாள்ல என் மகள் செண்பகத்தைப் பார்க்க வர்றாங்க. போன தடவை வந்தவங்க, 'அப்பா வாயே திறக்கலையே, இஷ்டமில்லை போல'ன்னு எழுந்து போயிட்டாங்க. அவ அம்மா இருந்தவரைக்கும் எனக்கும் சேர்த்து அவளே பேசிருவா."

"செண்பகம் திட்டுச்சா?"

"ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் தாங்கலை."

ரெஜினா விரல்களை வளைத்து வெறுங்கையை நீட்டினாள்.

"காபி. பிடிங்க. தளும்பத் தளும்ப இருக்கு, சிந்திடாதீங்க."

அவர் பிடித்துக்கொண்டார். போனவள் போனவள்தான்.

கூடத்தில் ஒருத்தர் பஸ் ஆனார், ஒருத்தர் மாமியார் ஆனார், ஒரே சிரிப்பு. இவர் மட்டும் மூலையில் கையை வளைத்துக்கொண்டு நின்றார். தோள் கடுத்தது. கீழே வைக்கலாமா? இல்லாததை எங்கே வைப்பது? சரியான பைத்தியக்காரத்தனம். ஆனாலும் மகளை நினைத்து வைக்காமல் நின்றார்.

"என்னண்ணே கையில?" என்று ஒரு பூக்காரம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

அவள் நகர்ந்துவிட்டாள்.

வகுப்பு முடிந்ததும் ரெஜினா வந்து அவர் கைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சே."

"ஒரு சொட்டுகூடச் சிந்தலை டீச்சரம்மா!"

"அதான் ஆறிப்போச்சு."

தலையும் புரியாமல் வாலும் புரியாமல் வீட்டுக்கு வந்தார். இந்தப் பெண்ணை நம்பினால் கதை கந்தல் என்று, தானே பத்து வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்தார். அடுத்த சனிக்கிழமை அதைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினார்.

"கையெழுத்து அழகா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். "டம்ளர் எங்கே?"

வந்ததே கோபம்! "போன வாரமே கழுவிக் கவுத்தாச்சு!"

ரெஜினா கைதட்டிச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவருக்கு விளங்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள்.

"பிரயாணமெல்லாம் சௌகரியமா?" முதல் வாக்கியம்.

"ம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா மாடசாமி.

மிச்சம் ஒன்பதும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சமையலறையில் பால் திரிந்துவிட்டது. புதுப் பால் வாங்க ஆள் போயிருந்தது. காபியும் இல்லை, பேச்சும் இல்லை. வந்த பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். போன தடவையும் இதே பார்வைதான்.

அப்போதுதான் தெய்வநாயகம் மாடசாமியின் கையைப் பார்த்தார். முழங்காலில் இருந்தது, சட்டைப் பொத்தானுக்குப் போனது, மறுபடி முழங்காலுக்கே வந்தது. எங்கே வைப்பதென்று அந்தக் கைக்கும் தெரியவில்லை. அடப் பாவமே, இவரும் நம்மை மாதிரிதானா?

என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் தெய்வநாயகத்தின் விரல்கள் வளைந்துவிட்டன. வெறுங்கையை நீட்டினார்.

"காபி. தளும்பத் தளும்ப இருக்கு, பார்த்து."

கதவருகே செண்பகம் அப்படியே நின்றுவிட்டாள்.

மாடசாமி கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, மெல்ல ஊதினார்.

"ஏயப்பா" என்றார், "என்னா சூடு!"