கோழிக்கூடை மேல இருந்த கல்லு

ஒரு ஊர்ல ஒரு ஒழுகுற வீடு. அதுல வெள்ளாத்தான்னு ஒருத்தி. மழை பெஞ்சா சொட்டு சொட்டுன்னு அவ பாய் மேலயே விழும். ம் சொல்லு.

"ம்."

கிணறு வெட்டினப்போ அவளுக்கு ஒரு நீலக் கல்லு கிடைச்சுது. அடியில கருங்கல்லு ஒட்டிக்கிட்டு, மேலெல்லாம் தவிட்டு நிறத்துல அழுக்கு. கிணறு வெட்டினவரு அதைப் படம் புடிச்சு, மியூசியத்துக்குக் கல்லு வாங்குற ஒரு அம்மாவுக்கு அனுப்பினாரு. அந்த அம்மா உடனே போன் பண்ணாங்க. "அபூர்வமான கல்லு மாதிரி தெரியுது. வெள்ளிக்கிழமை வந்து பார்த்து விலை சொல்றேன். பத்திரமா வெச்சிருங்க."

"கூரை மாத்துற அளவுக்கு வருங்களா?"

"நான் நினைக்கிறதா இருந்தா, வரும்."

அப்பவே தலைக்கு மேல புதுக் கூரை வந்துட்ட மாதிரி இருந்துச்சு வெள்ளாத்தாவுக்கு. ஆனா பக்கத்து வீட்டு ராமாத்தா சும்மா இருப்பாளா? "ஏம் புள்ள, பொண்ணு பார்க்க வர்றாங்கன்னா தலை சீவாமயா நிறுத்துவ?"

வாஸ்தவந்தானேன்னு சுத்தியலை எடுத்தா வெள்ளாத்தா. டொக், டொக். அடிக் கல்லு தனியா வந்துச்சு. அதைக் கோழிக்கூடை மேல பாரத்துக்கு வெச்சா. அப்புறம் நீலக் கல்லைப் புளி போட்டுத் தேய்ச்சா. சரக், சரக். அழுக்கு போச்சு. அப்புறம் தேங்காயெண்ணெய் தடவினா. பளபளபளன்னு ஆச்சு. ராமாத்தாவே அதுல முகம் பார்த்துக்கிட்டா.

"ம்."

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தாங்க. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. லென்ஸ் வெச்சுப் பார்த்தாங்க. மோந்தும் பார்த்தாங்க. "ஏங்க, இது மேல தவிட்டு நிறத்துல ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?"

"அழுக்குங்களா? தேய்ச்சுக் கழுவிட்டனுங்க."

"நீலக் கல்லு நிறைய ஊர்ல கிடைக்குதுங்க. நான் அந்த அழுக்குக்குத்தான் வந்தேன்."

வெள்ளாத்தாவோட புதுக் கூரை அப்படியே பறந்து போச்சு.

அப்போ கூடைக்குள்ள கோழி கொக்கொக்குன்னுச்சு. அந்த அம்மா திரும்பினாங்க. கூடை மேல அடிக் கல்லு. அதோட ஓரத்துல அதே தவிட்டு நிறம். லென்ஸை வெச்சா, முடி முடியா, ஊசி ஊசியா மின்னுது.

"அபூர்வமான கல்லு இதேதாங்க. இந்த ஓரம் போதும், உங்க கூரைக்கு."

வெள்ளாத்தாவுக்குச் சந்தோஷத்தை விட வெட்கம் அதிகமா வந்துச்சு. கல்லு முழுக்கக் கோழி எச்சம். "இருங்க, கழுவித் தர்றேன்"னு சொம்பை எடுத்தா.

அந்த அம்மா கல்லைச் சேலையோட அணைச்சுக்கிட்டு ஒரே ஓட்டமா வாசலைத் தாண்டினாங்க. பணத்தைத் தெருவுல இருந்துதான் நீட்டினாங்க.

இப்போ அந்தக் கல்லு, கோழி எச்சத்தோட, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. வெள்ளாத்தா நனையாம தூங்குறா. கதை கூரை ஏறிடுச்சு, நீ போர்வைக்குள்ள போ.

"அப்போ நாளைக்கு நான் குளிக்க வேண்டாமா?"

நீ கல்லு இல்ல. கண்ணை மூடு.