மாலை போட்ட கார்

நாவலடிக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் பெயர் வேலாண்டி. நல்ல உழைப்பாளி. யாருக்கும் கெடுதல் நினைக்காத மனசு. ஒரே ஒரு குறை. யாராவது முகம் சுளித்தால் அதற்குத் தாங்காது. உடம்பு முழுக்க முள் இருந்து என்ன, உள்ளே இருந்தது பூஞ்சை மனசு!

அதன் மனைவி பூவாத்தா தலைப்பிரசவத்துக்காக மலைக்கு அந்தப் பக்கம் தாய்வீடு போயிருந்தது. குட்டி பிறந்து, பெயரும் வைத்தாகிவிட்டது. அன்றைக்கு அவர்களை வீட்டுக்குக் கூட்டிவரும் நாள். பச்சைக் குட்டியை அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிவர முடியுமா? அதனால் முள்ளம்பன்றி விடிந்ததும் கரடி காத்தாயியின் கொட்டகைக்குப் போனது.

கரடியிடம் ஒரு கார் இருந்தது. அந்தக் காட்டுக்கே அது ஒன்றுதான். யாருக்கு அவசரம் என்றாலும் கரடி வாடகைக்குக் கொடுக்கும். வாடகை ஒரு கூடைப் பழம். அதுபோக, கார் திரும்பி வரும்வரை ஏதாவது ஒரு பொருளை ஈடாக வைத்துவிட்டுப் போக வேண்டும். முள்ளம்பன்றி ஒரு மூட்டைக் கிழங்கைக் கொண்டுவந்து வைத்தது. மழைக்காலத்துக்கென்று அது சேர்த்து வைத்திருந்த சாப்பாடு முழுக்க அந்த மூட்டையில்தான் இருந்தது. அது போனால் பிள்ளை பெற்ற உடம்புக்காரியும் குட்டியும் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

"சீட்டுல சாக்கை விரிச்சு உட்காரு, தம்பி! போன தடவை நீ குத்தின குத்துல பஞ்செல்லாம் வெளியே வந்துடுச்சு!" என்றது கரடி.

"சரிக்கா!"

"இன்னொண்ணும் கேட்டுக்க. போற வழியில கார் எங்கயாவது இடிச்சு கிடிச்சு..."

முள்ளம்பன்றி சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. "ஐயையோ, அக்கா! நல்ல காரியத்துக்குக் கிளம்புறேன். கிளம்புற நேரத்துல வாயில நல்ல வார்த்தை வரக்கூடாதா?"

"அட, அதுக்கில்ல தம்பி. அப்படி ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்யணும்னு..."

"வேண்டாங்கா! சொல்லவே சொல்லாதீங்க!"

கரடி என்ன செய்யும்? தலையை ஆட்டிக்கொண்டே சாவியைக் கொடுத்தது. நம்மிலும் எத்தனை பேர் இப்படித்தான்! அந்தப் பேச்சைக் காதில் வாங்காவிட்டால் அது நடக்கவே நடக்காது என்று ஒரு நினைப்பு.

போன காரியம் நல்லபடியாக முடிந்தது. பாறை இறக்கத்தில் முள்ளம்பன்றி காரை மெல்ல மெல்ல ஓட்டியது. மேடு பள்ளம் பார்த்து, மடியில் குட்டியோடு பூவாத்தா அசையாமல் உட்கார்ந்திருக்கும்படி, பதமாக ஓட்டியது. மத்தியானத்துக்குள் இருவரையும் வளையில் இறக்கிவிட்டு, காரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியது.

வழியில் சீட்டியடித்துக்கொண்டே வந்தது. பின்சீட்டில் குட்டியின் கிலுகிலுப்பை கிடந்தது. அதைப் பார்த்ததும் அதற்குச் சிரிப்பு பொங்கியது. நன்றாகத் திரும்பி இன்னொரு தடவை பார்த்தது.

டமார்!

கார் ஒரு பாறையில் மோதி நின்றது. முன்பக்கத் தகடு உள்ளே குழிந்துவிட்டது. ஒரு விளக்கு உடைந்தது. காருக்கு அடியில் ஏதோ சொட்டுச் சொட்டாக ஒழுகியது. முள்ளம்பன்றிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என் கிழங்கு! என் கிழங்கு!" என்று புலம்பியது.

பாறைக்குப் பின்னால் படுத்திருந்த சோணமுத்து என்ற நரி எழுந்து வந்தது. காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தது.

"என்ன மாப்ளே, இப்படி ஆயிடுச்சு!"

"கரடியக்காகிட்ட போய்ச் சொல்லிடலாம்னு பாக்குறேன்."

"உனக்கென்ன கிறுக்கா? சொன்னா மூட்டை போச்சு! அப்புறம் அந்தப் பச்சைக் குட்டி மழையில என்னத்தத் தின்னும்? யோசிச்சியா?"

அந்த ஒரு கேள்வியில் முள்ளம்பன்றி நொறுங்கிப்போனது. நரிகளுக்கு எந்த இடத்தில் தொட வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

"இப்ப என்னதான் செய்யுறது?"

"நான் இருக்கேன்ல! கூலிக்குக் கொஞ்சம் கிழங்கு கொடு, போதும்."

நரி களிமண்ணைக் குழைத்துத் தகட்டின் குழியை நிரப்பியது. மேலே செம்மண்ணைப் பூசி, காரின் நிறத்துக்குக் கொண்டுவந்தது. பிறகு அடியில் குனிந்து, ஒழுகும் குழாயில் தேன்மெழுகை அப்பியது.

"அது என்ன ஒழுகுது, மாமா?"

"காருக்கு வேர்க்குது, மாப்ளே! வெயில்ல வந்திருக்குல்ல!"

நரி கடைசியாக ஒரு பெரிய செவந்தி மாலையைக் கட்டிக்கொண்டு வந்தது. காரின் மூக்கிலிருந்து தரைவரை அது தொங்கியது. உடைந்த விளக்கு, பூசிய மண் எல்லாம் பூவுக்குள் மறைந்துவிட்டன.

"நல்லபடியா போய் வந்த வண்டிக்கு மாலை போடுறது மரியாதைதானே! மாலை போட்டதை யாரும் விலக்கிப் பாக்க மாட்டாங்க. கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க!" என்று நரி கண்ணைச் சிமிட்டியது.

முள்ளம்பன்றி காரை எடுத்தது. கொட்டகை வாசலில் பிரேக்கை மிதித்தது. கார் நிற்கவில்லை. மறுபடி மிதித்தது. இன்னொரு முறை அழுத்தி மிதித்த பிறகுதான் முனகிக்கொண்டு நின்றது. முள்ளம்பன்றிக்குச் சுருக்கென்றது. ஆனால், 'நான்தான் சரியாக மிதிக்கவில்லை போலிருக்கிறது' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

கரடி வெளியே வந்தது. மாலையைப் பார்த்ததும் அதன் கண் கலங்கிவிட்டது.

"வேலாண்டி! எத்தனையோ பேர் எடுத்துட்டுப் போறாங்க. சேறும் சகதியுமா கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. என் காருக்கு இப்படி ஒரு மரியாதையை எவனும் செஞ்சதில்ல, தம்பி!" என்று சொல்லி, காரை இரண்டு கையாலும் கும்பிட்டது. கிழங்கு மூட்டையைத் திருப்பிக் கொடுத்தது. "குட்டிக்கு நாக்குல தடவு" என்று ஒரு துண்டு தேனடையையும் கையில் வைத்தது.

முள்ளம்பன்றி தலை குனிந்து வாங்கிக்கொண்டது. அது என்னவோ வெட்கப்படுகிறது என்று கரடி நினைத்துக்கொண்டது. பாவம், இரண்டு பேருமே!

வழியில் நரிக்குக் கூலியைக் கொடுத்துவிட்டு, முள்ளம்பன்றி வீட்டுக்கு வந்தது. மூட்டையை இறக்கியது. சாப்பிட உட்கார்ந்தது, சாப்பாடு இறங்கவில்லை. அப்போது வாசலில் செல்லி என்ற புள்ளிமான் மூச்சு வாங்க வந்து நின்றது. அதன் மேல் சாய்ந்தபடி அதன் குட்டி தள்ளாடியது.

"அண்ணே! கரடியக்கா கார் வந்துடுச்சா? குட்டிக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. இறக்கத்துக்குக் கீழே ஆமை வைத்தியர்கிட்ட கொண்டு போகணும்!"

"வந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டது முள்ளம்பன்றி. கேட்ட கேள்விக்கு வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

"நல்ல நேரம்!" என்று சொல்லி, மான் குட்டியை அணைத்துக்கொண்டு போனது.

பூவாத்தா உள்ளேயிருந்து சொன்னது: "பாவம், சீக்கிரம் போய்ச் சேரட்டும். அந்த இறக்கத்தை நினைச்சாத்தான் எனக்குப் பக்குன்னு இருக்கு. காலையில நீங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தீங்களோ, பிழைச்சோமோ!"

முள்ளம்பன்றியின் முள் எல்லாம் குத்திட்டு நின்றது. அழுத்தி அழுத்தி மிதித்தும் நிற்காத பிரேக்! அடியில் ஒழுகிய குழாய்! அந்த இறக்கம்! மான்குட்டி!

"ஏங்க, எங்க ஓடுறீங்க?" என்று பூவாத்தா கத்தியது காதில் விழுந்தது. நின்று பதில் சொல்ல அதற்கு நேரமில்லை.

முள்ளம்பன்றியின் குட்டைக்கால்கள் அன்று ஓடிய ஓட்டத்தை அந்தக் காடு பார்த்ததே இல்லை. கொட்டகையில் மான் குட்டியோடு பின்சீட்டில் ஏறியிருந்தது. அவசரம் என்பதால் கரடியே ஓட்டுவதாக முன்னால் உட்கார்ந்திருந்தது. கார் உறுமியது.

முள்ளம்பன்றி காருக்கு முன்னால் பாய்ந்து நின்றது. "நிறுத்துங்க! எடுக்காதீங்க!"

"டேய், வழியை விடு! குட்டிக்கு முடியல!" என்று கரடி கத்தியது.

"எடுக்காதீங்கக்கா! நான் காரைப் பாறையில இடிச்சுட்டேன்! அடியில குழாய் போச்சு! பிரேக் பிடிக்காது! மறைக்கத்தான் மாலை போட்டேன்!"

கரடி இறங்கி வந்தது. மாலையைத் தூக்கிப் பார்த்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. குனிந்து பார்த்தது. மெழுகைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. சற்று முன்னால் கும்பிட்ட தன் கையையும் கரடி ஒருமுறை பார்த்துக்கொண்டது. அதன் முகம் போன போக்கைப் பார்க்க முள்ளம்பன்றிக்குத் தாங்கவில்லை.

"திட்டுறதுக்கு இப்ப நேரமில்ல. நான் வர்ற வரைக்கும் இங்கயே நில்லு" என்றது கரடி. மான்குட்டியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் வேகவேகமாக இறங்கியது. மான் பின்னாலேயே ஓடியது.

முள்ளம்பன்றி அங்கேயே நின்றது. ஓடிப்போய்விடலாம் என்று ஒருமுறை தோன்றியது. ஓடவில்லை. கிழங்கு போனது போனதுதான் என்று முடிவு கட்டிவிட்டது. பூவாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும்தான் அதற்குத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கரடி வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தது.

"குட்டி?" என்று முள்ளம்பன்றி முதலில் கேட்டது.

"மருந்து உள்ளே போயிடுச்சு. தூங்குது."

முள்ளம்பன்றி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டது. கரடியும் பக்கத்தில் உட்கார்ந்தது.

"காலையில நான் என்ன சொல்ல வந்தேன் தெரியுமாடா? அங்க ஒரு தானியக் குதிர் நிக்குதே, தெரியுதா?" என்று கொட்டகை மூலையைக் காட்டியது. அங்கே ஒரு பெரிய மண்குதிர் நிறையத் தானியத்தோடு நின்றது. "ஒவ்வொருத்தர் கொடுக்குற வாடகைப் பழத்திலயும் ஒரு பங்கை வித்து, தானியமா மாத்தி இதுல போடுறேன். யார் கையில கார் அடிபட்டாலும் மரங்கொத்தி மெக்கானிக்குக் கூலி இதுல இருந்துதான். பட்டணத்துல இதுக்கு இன்சூரன்ஸ்னு பேராம். அடிபட்ட அன்னிக்கே வந்து, இருக்கிறது இருக்கிறபடி சொல்லணும். அவ்வளவுதான்! நீ நேரா வந்து சொல்லியிருந்தா, உன் மூட்டை அப்பவே உன் கையில! உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்."

காலையில் தன் காதைத் தானே பொத்திக்கொண்டதை நினைத்து முள்ளம்பன்றி வெட்கப்பட்டது. "இப்ப எல்லாம் போச்சாக்கா?"

கரடி எழுந்து போய்க் குதிரின் மேல் கை வைத்தது. "பாறையில இடிச்சது கைதவறி நடந்தது. அன்னிக்கே சொல்லவும் சொல்லிட்ட. தகடு, விளக்கு, குழாய் எல்லாத்துக்கும் குதிர் கொடுக்கும். ஆனா உள்ளே போய் அடைச்ச மெழுகும் மண்ணும் நீயா செஞ்ச வேலை. அதைச் சுத்தம் பண்ற கூலிக்கு உன் கிழங்குல பாதி வரணும். நான் மன்னிச்சுட்டேன், தம்பி. ஆனா அது ஊர் தானியம். அதைத் தூக்கிக் கொடுக்க எனக்கு உரிமையில்ல."

"கொடுத்துடுறேங்கா. அதுதான் நியாயம்."

வீட்டுக்குப் போய் முள்ளம்பன்றி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னது. பூவாத்தாவுக்குக் கோபம் வந்தது. "அந்த நரி பேச்சைக் கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று நன்றாகத் திட்டியது. பிறகு மூட்டையை அவிழ்த்து, தன் கையாலேயே பாதியை எண்ணிப் பிரித்து வைத்தது.

மறுநாள் காலையில் மான் தன் குட்டியோடு வாசலுக்கு வந்தது. குட்டிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அது முள்ளம்பன்றிக் குட்டியை முகர்ந்து பார்த்து, மூக்கில் முள் குத்தி, துள்ளித் துள்ளி ஓடியது.

முள்ளம்பன்றி தலை நிமிராமல் நின்றது. "என்னைத் திட்டிடும்மா. உன் குட்டியை அந்தக் கார்ல ஏற விட்டவன் நான்தான்."

"நீங்க ஓடி வரலேன்னா, அண்ணே, அந்த இறக்கத்துல நானும் குட்டியும்..." என்று தொடங்கிய மான் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பியது. அது தன் குட்டி துள்ளுவதையே பார்த்துக்கொண்டு நின்றது. முள்ளம்பன்றியும் பார்த்தது.

கைதவறி நேர்ந்த சேதத்தை அன்றைக்கே உள்ளபடி சொல்லிவிட வேண்டும். மூடி மறைத்தால் அது வளர்ந்து, ஒரு பாவமும் அறியாதவர் தலையில் போய் விழும்.