தெய்வநாயகத்தின் ஐந்து கட்டை

நெல்லையில் ஒரு மெல்லிசைக் குழு. அதை நடத்தியவரும் அதில் பாடியவரும் தெய்வநாயகம்தான். முப்பது வருஷமாக ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதியில் பாடுபவர் என்று நோட்டீஸிலேயே போட்டுக்கொள்வார். அறுபது வயதில் குரல் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. பழி கீபோர்டு வாசிக்கும் ரோஸ்லின் மேல் விழுந்தது.

"உன் பொட்டி கத்துது. சுருதி குறையக் கூடாது, எனக்குத் தொண்டையும் நோவக் கூடாது. நாளைக்குச் சரியா வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

ரோஸ்லின் கீபோர்டின் விளக்கப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். அதிலிருந்த எட்டுக் குமிழ்களுக்கும் நாம் விரும்பிய வேலையை ஒதுக்கலாம். முதலில் ஒரு குமிழுக்கு எதிரொலியை ஒதுக்கிப் பழகிவிட்டு, மூன்றாவது குமிழுக்குச் சுருதியை ஏற்றி இறக்கும் வேலையை ஒதுக்கினாள்.

மறுநாள் ஒத்திகையில் சொன்னாள்: "அண்ணே, உங்க தொண்டை நோவுக்கு மருந்து இந்தக் குமிழுதான். சுகமா வர்ற வரைக்கும் நீங்களே திருகுங்க."

அவர் திருகித் திருகிப் பாடினார். உச்சியிலும் குரல் நோகாமல் நின்றது. நன்றாகவும் இருந்தது.

"பாத்தியா, இதுதாம்மா அஞ்சு கட்டை."

"அப்போ மாடசாமி அண்ணன் குழலையும் சேத்துக்கிடுவோம்."

குழுவின் புல்லாங்குழல்காரர் மாடசாமியிடம் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழல் உண்டு. ஐந்து கட்டைக் குழலை ஊதினார், ஒட்டவில்லை. மூன்று கட்டைக் குழலை எடுத்தார், அச்சாகப் பொருந்தியது. தபேலாக்காரர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள்.

ரோஸ்லினின் வேலை தப்பியது. தெய்வநாயகம் அதன்பின் மேடையில் அறிவிப்பு மட்டும் செய்தார், பாடவில்லை.

"அவருக்குத் தெரியாம நானே திருகியிருந்தா இன்னும் பத்து வருஷம் பாடியிருப்பாரு," என்றாள் ரோஸ்லின் ஒருநாள்.

"நானும் அந்த ரெண்டாவது குழலைக் கையில எடுத்திருக்க வேண்டாம்," என்றார் மாடசாமி.