நார் எடுத்த ஆரஞ்சுச் சுளை

கிர்ர்ர்... லொக். கிர்ர்ர்... லொக்.

கேட்டுச்சா? பயப்படாத, கதையிலதான். ஒரு ஊர்ல ஒரு வீடு. உப்பளத்துக்குப் போற ரோட்டுல கடைசி வீடு. அந்த வீட்ல ஒரு நாள் விளக்கு வெச்சதுக்கு அப்புறம் இந்தச் சத்தம் கேட்டுச்சு. கதவைச் சுரண்டுற பூனையா? இல்ல. கிணத்து உருளையா? அதுவும் இல்ல. அமலி மெதுவா வந்து எட்டிப் பாத்தா. சத்தம் அவ தம்பி சேவியோட நெஞ்சுக்குள்ளேருந்து வருது!

ம் கொட்டு. ம்.

அமலிக்கு எட்டு வயசு, சேவிக்கு அஞ்சு. தொட்டில்ல ஒரு பாப்பா, பொறந்து ரெண்டே மாசம். அப்பா கப்பல் வேலைக்குப் போயிருந்தார், திரும்பி வர நாளாகும். வீட்ல எல்லாத்துக்கும் அம்மா ஒருத்திதான்.

அப்போ, சேவியோட நெஞ்சுக்குள்ள லொக்கன்னு ஒருத்தன் வந்து குந்தியிருந்தான். லொக்கன் யாரு? ஃப்ளூ காய்ச்சல்தான். அவனுக்குக் கால் கிடையாது. இருமினா தூறல்ல பறப்பான், மூக்கைத் துடைச்ச கையில ஒட்டுவான், எச்சி டம்ளர்ல நீந்துவான். யார் மேலயாவது சவாரி போனாத்தான் அடுத்த ஆளைப் பிடிக்க முடியும். அதனால ஓடி விளையாடுற பிள்ளைங்களைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும்.

அப்புறம் டாக்டரம்மா வந்தாங்க. "இவனைத் தனி ரூம்ல படுக்க வைங்க. கஞ்சி, ரசம், தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருங்க. இவன் டம்ளரை யாரும் எடுக்கக் கூடாது. பாப்பாவுக்கு இன்னும் ஃப்ளூ ஊசி போடுற வயசு வரல. அவகிட்ட மட்டும் இது போயிடக் கூடாதும்மா. பச்சப்பிள்ளை, மூச்சு தாங்காது"ன்னு சொன்னாங்க. அம்மா முகம் அப்படியே வெளுத்துப் போச்சு.

அமலிக்கு அதெல்லாம் காதுல விழுந்துச்சு. மனசுல விழல. அவ மனசு முழுக்க அந்த ஆரஞ்சுப் பழம்தான்.

அம்மா மாஸ்க் போட்டுக்கிட்டு சேவி பக்கத்துல உக்காந்து ஒரு ஆரஞ்சை உரிச்சா. ஒவ்வொரு சுளையிலயும் வெள்ளை நாரை நூல் நூலா எடுத்தா. கொட்டையைப் பிதுக்கினா. கிளிக்குஞ்சுக்கு ஊட்டுற மாதிரி அவன் வாயில வெச்சா. கதவோரத்துல நின்ன அமலி, "எனக்கும்மா?"ன்னா.

"உனக்குத்தான் கை இருக்கே, உரிச்சுத் தின்னு. ஏட்டி, பாப்பா அழுவுது பாரு, தொட்டிலை ஆட்டு."

அமலிக்குக் குபுகுபுன்னு கோவம் வந்துச்சு. அவனுக்குச் சுளை, எனக்குத் தொட்டில் கயிறா? "எனக்கும் காய்ச்சல் வரட்டும், அப்போ பாக்கேன்"னு முணுமுணுத்தா. உள்ள இருந்த லொக்கன் காதைத் தீட்டிக்கிட்டான். "அட, என்னை மாதிரியே எரியுற ஒருத்தி!"

அப்புறம் அமலி என்ன செஞ்சா? வெங்காயத்தை அக்குள்ல வெச்சா காய்ச்சல் வரும்னு ஸ்கூல்ல பெரிய பிள்ளைங்க சொல்லுமே, அதைச் செஞ்சா. ஒரு பெரிய வெங்காயத்தை இடுக்கிக்கிட்டு ராத்திரி பூரா ஒரு பக்கமாவே படுத்துக் கிடந்தா. காலையில, "அம்மா, எனக்குச் சுடுது, தொட்டுப் பாரேன்"னா.

அம்மா நெத்தியைத் தொட்டா. கழுத்தைத் தொட்டா. மூக்கைச் சுருக்கினா. "என்னட்டி, உன்கிட்ட சாம்பார் வாசம் வருது?"

டொக்! வெங்காயம் விழுந்துச்சு. உருண்டு உருண்டு உருண்டு அம்மா கால்ல போய் முட்டுச்சு. உள்ளேருந்து சேவி, "சாம்பாரா? அக்கா, இட்லி இருக்கா?"ன்னு கேட்டு, சிரிச்சு, லொக்கு லொக்குன்னு இருமினான்.

ம் எங்க? ம். சரி.

அன்னிக்கு மத்தியானம் அம்மா தட்டு வெச்சா. வெள்ளையா சோறு, மஞ்சளா பருப்பு, பச்சையா முருங்கைக்கீரை, சிவப்பா பூசணிக்காய்ப் பொரியல், ஓரத்துல அவிச்ச முட்டை. "ஒரே நிறமா தின்னா உடம்புக்குக் காணாது, எல்லாத்துலயும் தின்னணும்"னா.

"இதெல்லாம் தின்னா லொக்கன் வரவே மாட்டானாம்மா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. வந்தாலும் வருவான். உடம்புல தெம்பு இருந்தா அவனோட சண்டை போட்டுத் துரத்தும், அவ்வளவுதான்."

ஓகோ! அப்படின்னா தின்னாம இருக்கணும். அமலி கீரையைக் கோழிக்குப் போட்டா. முட்டையைப் பூனைக்குப் போட்டா. பூசணியைச் செம்பருத்திச் செடி மூட்டுல புதைச்சா. அப்பளமும் கிரீம் பிஸ்கட்டும் மட்டும் நொறுக்கு நொறுக்குன்னு தின்னா. ரெண்டு நாள். காய்ச்சல் வந்துச்சா? வரல. வயிறு கொர்ர்ர்னுச்சு. தலை கிர்ர்னுச்சு. கக்கூஸ்ல உக்காந்து முக்கு முக்குன்னு முக்கினா, ஒண்ணும் நடக்கல. பூனை மட்டும் மினுமினுன்னு ஆயிடுச்சு.

லொக்கன் உள்ளேருந்து கைதட்டினான். "காவல்காரங்களை எல்லாம் அவளே அனுப்பிட்டா! இனி ஒரே ஒரு மடக்குதான்."

மூணாவது நாள் சாயங்காலம். அம்மா கொல்லையில துணி அலசிக்கிட்டு இருந்தா. சேவி கண்ணசந்து கிடந்தான். அமலி பூனை மாதிரி உள்ள நுழைஞ்சா. ஸ்டூல் மேல சேவியோட டம்ளர், அடியில கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு. மடக், மடக், மடக். குடிச்சிட்டா!

சொய்ங்னு லொக்கன் தாவி அவ தொண்டையில உக்காந்துக்கிட்டான். கெக்கெக்கேன்னு ஒரு சிரிப்பு.

"வந்துட்டியா? இனி அம்மா எனக்கும் நார் எடுத்துத் தருவா"ன்னா அமலி.

"உனக்காகவா வந்தேன்? உன்கூட ஏழெட்டு நாள் இருப்பேன், போவேன். தூங்கறதுக்கு முன்னாடி தொட்டில்ல குனிஞ்சு ஒரு முத்தம் குடுப்பியே, அந்தச் சவாரிக்குத்தான் வந்தேன். அந்தப் பொக்கை வாய்ச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரியுது!"

அமலி டம்ளரைக் கீழ வெச்சா. மூச்சு தாங்காது. டாக்டரம்மா சொன்ன வார்த்தை இப்போதான் மனசுல விழுந்துச்சு.

அப்போ அம்மா, "ஏட்டி அமலி, எங்க போன? வந்து பாப்பாவைப் பிடி"ன்னு கூப்பிட்டா.

"வர மாட்டேன்மா. நான் சேவி டம்ளர்ல குடிச்சிட்டேன்."

அப்புறம் அம்மா வந்து வாசப்படிக்கு அந்தப் பக்கம் அப்படியே உக்காந்துட்டா. "ஏன்டி?"

"நீ அவனுக்கு மட்டும் நார் எடுத்த."

அம்மா எந்திரிச்சுப் போனா. ரொம்ப நேரம் கழிச்சு கொல்லைப்பக்க ஜன்னல் வழியா ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர் நீட்டினா. சோறு, பருப்பு, கீரை, முட்டை. கூடவே ஒரு ஆரஞ்சு, சுளை சுளையா. அமலி விளக்குல தூக்கிப் பிடிச்சுப் பாத்தா. ஒரு நார் கூட இல்ல.

"அம்மா, உன் கண்ணு ஏன் சிவந்திருக்கு?"

"வெங்காயம் உரிச்சேன். கீரையைப் பூனைக்குப் போடாம தின்னு. இருமல் வந்தா முழங்கையை மடக்கி வாயை மூடிக்கோ. மூச்சு வாங்கினா உடனே கூப்பிடு, நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பேன்."

நீ ஏன் கண்ணு இருமுற? இல்லையா? சரி, ஒரு வாய் தண்ணி குடி. ம்.

அப்புறம் சேவி, "அக்கா, இனிமே நீயும் இங்கதானா?"ன்னு கேட்டான். அமலி பாயைத் தள்ளிப் போட்டுக்கிட்டு, "ஆமா ஏல, உன் போர்வையில பாதியைக் கேக்க மாட்டேன், தூங்கு"ன்னா.

அப்போ பாத்து, ங்ஙா... ங்ஙா... பாப்பா அழ ஆரம்பிச்சுது. அம்மா தூக்கினா, நிக்கல. தட்டிக் குடுத்தா, நிக்கல. அமலி பாடினாத்தான் அந்தப் பாப்பா தூங்கும். அமலி உள்ளேருந்தே பாடினா. கொஞ்சம் அடங்குச்சு. மறுபடியும் ங்ஙா!

"போ போ. ஒரே ஒரு முத்தம். அக்காவைத்தானே தேடுது?"ன்னு லொக்கன் தொண்டைக்குள்ள கிசுகிசுத்தான்.

அமலியோட கால் தன்னால எந்திரிச்சுப் போச்சு. கதவு வரைக்கும் போச்சு. சந்து வழியா பாத்தா. அம்மா தோள்ல பாப்பா, குட்டிக் கையை இந்தப் பக்கம் நீட்டி நீட்டி அழுவுது. பாப்பா கன்னம் அம்மா கன்னத்துல ஒட்டியிருக்கு. இப்பவும் கொஞ்சம் எரிஞ்சுது அமலிக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

"அம்மா, நீ தட்டினா மட்டும்தான் திறப்பேன்"னா. குதிகாலைத் தூக்கினா. விரல் எட்டல. இன்னும் எக்கினா. எட்டிடுச்சு. உள்பக்கத் தாழ்ப்பாளைப் பிடிச்சு இழுத்தா. கிரீச்...

டக்.

கதவை மூடியாச்சு, கதையை மூடியாச்சு, நீயும் கண்ணை மூடு.