எழுந்து நின்ற டபேதார்

கதையைக் கேட்டுவிட்டு நைசாக நழுவக் கூடாது. ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

பொன்னுரங்கம் என்று ஒரு டபேதார். முப்பத்து நான்கு வருடம் அதிகாரிகளின் அறை வாசலில் நின்றவர். அதிகாரி வந்தால் எழுவார். அவர் வண்டி கிளம்பும்வரை உட்கார மாட்டார். எழுபத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. பிள்ளைகள் இல்லை. மனைவி தெய்வானைக்கு எழுபத்திரண்டு. முட்டி இரண்டும் தேய்ந்தவள்.

அரசின் வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஜெசிந்தா என்ற நர்ஸ் வந்தாள். படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டினாள். காலுக்குப் பயிற்சி கொடுத்தாள். பதினான்கு மாதத்தில் புண் ஆறியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணும்வரை அவரால் நிற்க முடிந்தது. அந்த இருபதுக்குள் தெய்வானை படுக்கை விரிப்பை மாற்றிவிடுவாள்.

வில்லங்கம் இங்கேதான். எழுந்து நிற்க முடியாதவர்களுக்கு மட்டுமே அந்தத் திட்டம். வருடத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வருவார். அவருடைய படிவத்தில் ஒரே கேள்வி: எழுந்து நிற்கிறாரா? ஆம், இல்லை. எவ்வளவு நேரம் நிற்கிறார், அப்புறம் என்ன ஆகிறார் என்பதெல்லாம் படிவத்துக்கு அநாவசியம்.

அசையாமல் படுத்திருங்கள் என்று தெய்வானை அவர் வருவதற்கு முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னாள். படுத்துக் கிடப்பதில் எனக்கு என்ன அனுபவம் குறைவா என்று அவரும் கிண்டலடித்தார். மறுநாள் வாசலில் ஜீப் நின்றது. மேற்பார்வையாளர் மதிவாணன் உள்ளே கால் வைத்தார். பொன்னுரங்கம் எழுந்து நின்றுவிட்டார். கம்பியை விட்டுவிட்டு ஒரு சல்யூட் வேறு.

மதிவாணனுக்கு மெத்த மகிழ்ச்சி. ‘ஆம்’ போட்டுவிட்டுக் கிளம்பினார். ஜீப் நகரும் முன்பே டபேதார் தெய்வானை மேல் சாய, இருவரும் தரையில். பக்கத்து வீட்டார் வந்து தூக்கினார்கள். தெய்வானை திட்ட அலுவலகத்துக்கு போன் போட்டாள்.

“விழுந்துட்டார் சார். அதையும் எழுதிக்குங்க.”

“அதுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

பிறகு கடிதம் வந்தது. பயனாளி பூரண முன்னேற்றம் அடைந்துவிட்டபடியால் சேவை நிறுத்தப்படுகிறதாம், வாழ்த்துகளாம். ஆட்சேபித்து மனுப் போட்டார்கள். பத்து நாளில் மறு ஆய்வு என்று பதில் வந்தது.

அந்தப் பத்து நாளுக்கு வீட்டில் மூன்று யோசனைகள். பயிற்சியே வேண்டாம், கால் மரத்துப் போகட்டும் என்றாள் தெய்வானை. “புண்ணு திரும்ப வந்தாலும் வரட்டும். கட்டுறதுக்கு ஆள் வருமில்ல.” அதிகாரி முன்னால் படுத்துக் கிடந்து வாங்குகிற உதவி தனக்கு வேண்டாம், நிறுத்தினால் நிறுத்தட்டும் என்றார் டபேதார். ஜெசிந்தா மட்டும், பயிற்சியை விடவும் கூடாது, பொய்யும் வேண்டாம் என்றாள்.

“ஐயா எழுந்து நிக்கட்டும். நீங்க சாருக்கு ஒரு காபி குடுங்கம்மா, நல்ல சூடா. அவர் குடிச்சு முடிக்கிறவரைக்கும் ஐயா நிக்கட்டும்.”

விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அது மூவருக்கும் தெரியும்.

சொல்லுங்கள், இவர்களில் யார் சொன்ன வழி சரி?

விடை: டபேதார் வழியில் மானம் அவருக்கு, சுமை தெய்வானைக்கு, அவள் முதுகை வைத்து ரோஷப்பட அவர் யார்? தெய்வானை வழியில், ஆறிய புண்ணைத் திறந்துகாட்டித்தான் மருந்து வாங்க வேண்டும். ஜெசிந்தா வழியே சரி. உள்ளதை முழுதாகக் காட்டுவது அது ஒன்றுதான். குடை பிடித்தவன் நனையவில்லை, ஆகவே குடை எதற்கு என்று பிடுங்குகிறவர்களுக்கு வேறெப்படிக் காட்டுவது? மறு ஆய்வு அன்று காபி பாதி டம்ளரில் இருக்கும்போதே டபேதார் சரிந்தார். மதிவாணன் டம்ளரை எறிந்துவிட்டுத் தாங்கிப் பிடித்தார். ‘இல்லை’ போட்டார். படிவம் மட்டும் மாறவில்லை. அடுத்த வருடமும் பொன்னுரங்கம் ஒருமுறை விழுந்தாக வேண்டும்.